ஷிஃப்ட் வேலை பார்ப்பவர்களுக்கு என்.பி.டி.இ.எல். பாடங்கள் ஒத்துவருமா?

கோவை அரசூர்ப் பக்கம் ஒரு ஃபவுண்டரியில் (உலோக வார்ப்பாலையில்) தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே, என்.பி.டி.இ.எல். என்ற இணையவழிப் பாடத் திட்டத்தின் வழியாக வார்ப்புத் தொழில்நுட்பம் குறித்த 8 வாரப் பாடம் ஒன்றை முடித்தேன். எங்கள் தொழிற்பேட்டையில் பலரும் இதைப் பற்றிக் கேட்பதால், ஷிஃப்ட் மாறி மாறி வரும் ஒருவருக்கு இது எந்த அளவுக்குப் பயன்படும் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய திட்டம் இது. பாடத்தில் சேரவும் காணொளிகளைப் பார்க்கவும் கட்டணம் கிடையாது. சான்றிதழ் வேண்டுமானால் தேர்வுக்கு மட்டும் பணம் கட்ட வேண்டும். நான் எழுதியபோது அது 1000 ரூபாய்.

வேலைக்குப் போகிறவர்களுக்குப் பெரிதும் கைகொடுப்பது இதன் மதிப்பெண் முறைதான். வாராவாரம் அசைன்மென்ட் உண்டு என்றாலும், 8 வாரப் பாடத்தில் நன்றாகச் செய்த 6-ஐயும் 12 வாரப் பாடத்தில் நன்றாகச் செய்த 8-ஐயும் மட்டுமே கணக்கில் எடுத்து 25 மதிப்பெண் தருகிறார்கள். மீதி 75 மதிப்பெண், மையத்துக்கு நேரில் சென்று எழுதும் தேர்வுக்கு. ஆகவே அவசர டெஸ்பாட்ச் வந்து ஒரு வாரம் முழுவதும் இரவு ஷிஃப்டில் போய்விட்டாலும், ஊரில் மாரியம்மன் நோன்பி சாட்டி வீடு நிறைய உறவினர்கள் வந்துவிட்டாலும் படிப்பு கெட்டுப்போவதில்லை. காணொளிகளும் பெரும்பாலும் அரை மணி நேர அளவில் இருப்பதால், கம்பெனி பஸ்ஸில் போகும்போதே ஒன்றைக் கேட்டுவிட முடிகிறது.

படிப்பது வேலையோடு ஒட்டியதாக இருந்தால் களைப்பு தெரியாது என்பதை நான் கண்கூடாகப் பார்த்தேன். அந்தச் சமயத்தில் எங்கள் பம்ப் கேசிங் (பம்பின் வெளிக்கூடு) ஒன்று, குழாயோடு இணைக்கும் விளிம்பான ஃபிளேஞ்சை ஒட்டிய தடித்த இடத்தில் தொடர்ந்து ரிஜெக்ட் ஆகிக்கொண்டிருந்தது. மெஷினிங்கில் மேல்தோலை எடுத்ததும் கரடுமுரடான சிறு குழிகள் தெரியும். வாயுவால் விழும் குழியின் சுவர் வழவழப்பாக இருக்கும் என்பதால், இது உலோகம் உறையும்போது சுருங்கி வந்த குழி என்பது தெளிவு. வார்ப்பு உறையும் நேரம், அதன் கன அளவை மேற்பரப்பால் வகுத்து வரும் எண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது என்கிறது சிவோரினாவ் விதி. வார்ப்பு சுருங்கும்போது உருகிய உலோகத்தை ஊட்ட அச்சில் வைக்கும் கூடுதல் பகுதியான ரைசர், அந்தத் தடித்த இடத்துக்கு முன்பே உறைந்துவிட்டால் குழி விழத்தான் செய்யும். இந்தக் கணக்கை எங்கள் வரைபடத்தின் அளவுகளை வைத்தே போட்டு, மெத்தடிங் (உலோகம் அச்சுக்குள் பாயும் வழியையும் ரைசரையும் வடிவமைக்கும் வேலை) பார்க்கும் அண்ணனிடம் காட்டினேன். அவர் பொறுமையாகப் பார்த்துவிட்டு, ரைசரின் அளவை மாற்ற ஒப்புக்கொண்டார். அன்று எனக்கு ஏற்பட்ட நிறைவுக்குச் சான்றிதழ்கூட ஈடில்லை.

ஆனால் எல்லாருக்கும் இது எளிதாக அமையும் என்று சொல்லமாட்டேன். விரிவுரைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன; சில பாடங்களுக்குத் தமிழில் மொழிபெயர்த்த எழுத்து வடிவம் கிடைக்கிறது என்பதால், தமிழ் வழியில் டிப்ளமோ முடித்தவர்கள் சேரும் முன்பே அதைத் தேடிப் பார்த்துக்கொள்வது நல்லது. அசைன்மென்ட்டின் கெடு நம் ஷிஃப்டுக்காகத் தள்ளிப்போகாது. தேர்ச்சி பெற அசைன்மென்ட்டில் 25-க்கு 10-உம் தேர்வில் 75-க்கு 30-உம் தனித்தனியே எடுத்தாக வேண்டும்.

முதன்முறையாகச் சேருபவர்களுக்கு ஜனவரிப் பருவத்தைவிட ஜூலைப் பருவத்தையே பரிந்துரைப்பேன். ஜனவரியில் சேரும் 12 வாரப் பாடத்தின் கடைசி வாரங்கள் மார்ச் மாத ஆண்டிறுதி நெருக்கடியில் வந்து விழும். அந்த மாதத்தில் எந்த ஃபவுண்டரியிலும் ஓய்வை எதிர்பார்க்க முடியாது.

இன்னொன்று, இந்தச் சான்றிதழ் பட்டத்துக்கு ஈடாகாது. பதவி உயர்வுக்குப் பட்டம்தான் தேவை என்ற நிலையில் இருப்பவர்கள், வேலையிலிருக்கும் டிப்ளமோதாரர்களுக்காகக் கோவையில் நடத்தப்படும் மூன்றரை ஆண்டுப் பகுதிநேர பி.இ. படிப்பைப் பற்றி விசாரிப்பதே சரி. செய்யும் வேலையை ஆழமாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்பவர்கள் 8 வாரப் பாடம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தேர்வுத் தேதி தெரிந்ததுமே அன்றைய விடுப்பை மேற்பார்வையாளரிடம் சொல்லி எழுதி வாங்கிவிடுங்கள்.