குளித்த பின்னும் போகாத அக்குள் நாற்றம்: நலங்கு மாவு, படிகாரம், ஸ்ப்ரே, ரோல்-ஆன் ஓர் ஒப்பீடு

சித்திரையிலும் வைகாசியிலும் டெல்டாவில் குளித்துத் துவட்டி முடிப்பதற்குள் மறுபடியும் வியர்த்துவிடுகிறது. காற்றில் ஈரப்பதம் மிகுதியாக இருப்பதால் வியர்வை ஆவியாகாமல் தோலிலேயே தங்குகிறது. காலையும் மாலையும் சோப்புப் போட்டுக் குளித்தும், மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர் செல்லும் பேருந்தில் மேல்கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கத் தயங்குகிறவர்கள் பலர். அவர்கள் சுத்தக் குறைவானவர்கள் அல்லர். குறையைச் சொல்லவும் கூசி, தீர்வைக் கேட்கவும் கூசி, கிடைத்ததையெல்லாம் பூசிக்கொண்டிருக்கும் அவர்களுக்காகவே, இங்கே வழக்கத்தில் உள்ள வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிறேன்.

வியர்வைக்குத் தன்னளவில் ஏறக்குறைய மணமே இல்லை. பருவ வயதில் அக்குளில் செயல்படத் தொடங்கும் அப்போகிரைன் சுரப்பிகள் புரதமும் கொழுப்பும் கலந்த கசிவை வெளியிடுகின்றன. தோலில் இயல்பாகவே வாழும் கோரினிபாக்டீரியம் முதலிய பாக்டீரியாக்கள் அதைச் சிதைக்கும்போது உண்டாகும் அமிலங்களும் கந்தகச் சேர்மங்களும்தான் நாம் கற்றாழை நாற்றம் என்று சொல்வதற்குக் காரணம். ஆகவே எந்தப் பொருளை எடுத்தாலும் கேட்க வேண்டியவை இவைதான்: அது பாக்டீரியாவைக் குறைக்கிறதா, வியர்வையைக் குறைக்கிறதா, அல்லது நாற்றத்தின் மேல் வேறொரு வாசனையைப் போர்த்துகிறதா?

பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ சேர்த்து அரைக்கும் நலங்கு மாவு தோலுக்கு இதமானது. எண்ணெய்ப் பிசுக்கை நன்றாக எடுக்கும். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் பிசுபிசுப்பாகத் தோலிலேயே தங்கும் இடங்களில் சோப்பைவிட இதுவே மேல் என்பது என் கருத்து. ஆனால் அதன் வேலை குளியலோடு முடிந்துவிடுகிறது. கழுவியபின் தோலில் எதுவும் தங்காததால், எட்டு மணிக்குத் தேய்த்துக் குளித்தவருக்கு மதியம் வரை அது காவல் நிற்காது. ஈரக்கை பட்ட மாவைக் குளியலறையிலேயே வைத்திருந்தால் பூஞ்சை பிடிக்கும். அன்றைக்கு வேண்டியதை மட்டும் சிறு கிண்ணத்தில் எடுத்துச் செல்வது நல்லது.

படிகாரம் வேறு வகை. நாட்டு மருந்துக் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் இந்தக் கல்லை, முடிதிருத்தும் கடையில் சவரத்துக்குப் பிறகு கன்னத்தில் தேய்ப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். குளித்தவுடன் கல்லைத் தண்ணீரில் நனைத்து அக்குளில் மெல்லத் தேய்த்து உலரவிட்டால், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய உப்புப் படலம் தங்கி, பாக்டீரியா பெருகுவதைத் தடுக்கிறது. வியர்வையை அது பெரிதாக நிறுத்துவதில்லை. சட்டை நனையும், ஆனால் நாற்றம் குறையும். வாசனையே இல்லை என்பது, வாசனைப் பொருள் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பெரிய வசதி. கல்லின் கூரான முனையை முதலில் தண்ணீரில் கரைத்து மழுக்கிவிட வேண்டும். சவரம் செய்த அன்று தேய்த்தால் எரியும். ‘அலுமினியம் இல்லாத இயற்கைக் கல்’ என்று சொல்லி இதையே அழகிய டப்பாவில் பல மடங்கு விலைக்கு விற்பதும் உண்டு. படிகாரமே ஓர் அலுமினிய உப்புதான் என்பதை வாங்குகிறவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

பாடி ஸ்ப்ரேக்களில் பெரும்பாலானவை ஆல்கஹாலும் வாசனைத் திரவியமும் மட்டுமே. ஆல்கஹால் சிறிது நேரம் பாக்டீரியாவைக் குறைக்கும். பிறகு வாசனையும் வியர்வையும் கலந்து, முன்னதைவிடச் சகிக்க முடியாத ஒன்றாக மாறும். எலுமிச்சைச் சாற்றைத் தேய்த்துக்கொண்டு வெயிலில் போனால், சாறு பட்ட இடம் வெந்து கருத்துப்போகலாம்; நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர்கள் இதை அறவே தவிர்க்க வேண்டும். சமையல் சோடாவும் வேண்டாம். தோலின் இயல்பான அமிலத்தன்மையை அது குலைத்து எரிச்சலைத் தரும்.

வியர்வையையே குறைப்பது ஆன்டிபெர்ஸ்பிரன்ட் வகை ரோல்-ஆன் மட்டும்தான். பாட்டிலின் பின்புறம் அலுமினியம் குளோரோஹைட்ரேட் போன்ற பெயர் இருந்தால்தான் அது இந்த வகை. இல்லையென்றால் வெறும் வாசனைப் பொருள். அலுமினிய உப்பு வியர்வைக் குழாயின் வாயில் தற்காலிக அடைப்பை உண்டாக்குகிறது. இதைக் காலையில் குளித்த ஈரத்தோடு அவசரமாகத் தடவிக்கொண்டு ஓடுவதால்தான் பலருக்குப் பலன் கிடைப்பதில்லை. வியர்வை குறைவாகச் சுரக்கும் இரவில், அக்குளை நன்றாக உலர்த்தி, மின்விசிறிக்குக் கீழே சற்று உட்கார்ந்த பிறகு தடவி, அப்படியே தூங்கிவிட வேண்டும். காலையில் குளித்தாலும் அந்த அடைப்பு போய்விடாது. விலை உயர்ந்த பிராண்டுக்கு மாறுவதைவிட நேரத்தை மாற்றுவது அதிகப் பலன் தரும். மருத்துவர் எழுதித் தரும் 20 சதவீத அலுமினியம் குளோரைடு கரைசலுக்கும் இதே முறைதான். ஈரத் தோலில் பட்டால் அது கடுமையாக எரியும். மார்பகப் புற்றுநோய் வரும் என்ற அச்சத்துக்குத் தெளிவான ஆதாரம் இல்லை. சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது.

இவ்வளவும் செய்தும் நாற்றம் போகவில்லை என்றால் சட்டையைப் பார்க்க வேண்டும். துவைத்து மடித்த சட்டையில் எதுவும் தெரியாது. இஸ்திரிப் பெட்டியின் சூடு அக்குள் பகுதியில் பட்டதும் பழைய நாற்றம் கிளம்பும். உடல் சூட்டிலும் அதுவேதான் நடக்கிறது. பாலியஸ்டர் இழை உடலின் எண்ணெய்ப் பிசுக்கைப் பிடித்துவைத்துக்கொள்கிறது, துவைத்தாலும் எளிதில் விடுவதில்லை. பருத்தி அதிகம் நனைந்தாலும் துவைத்ததும் தெளிந்துவிடும். பள்ளிச் சீருடைகளும் பல வேலைச் சீருடைகளும் பாலியஸ்டர் கலப்பாக இருப்பது நம் தட்பவெப்பத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத ஏற்பாடு. அத்தகைய உடையை உள்புறம் வெளியே வரும்படி திருப்பி, வெந்நீரில் சலவை சோடா கரைத்து அரை மணி நேரம் ஊறவைத்துத் துவைத்து வெயிலில் காயப்போடலாம். வினிகர் கலந்த தண்ணீரில் ஊறவைப்பதும் பலன் தரும்; ஆனால் வினிகரோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்த்தால் நச்சு வாயு எழும், ஒருபோதும் சேர்க்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வீட்டுக்குள் கொடியில் இரண்டு நாள் கிடந்து காயும் துணியில் பாக்டீரியா பெருகி ஊளை வாடை வந்துவிடும். அந்த மாதங்களில் ஒரு நேரத்தில் சில துணிகளை மட்டும் துவைத்து, மின்விசிறிக்குக் கீழே இடைவெளி விட்டு உலர்த்துவதே வழி.

வியர்வை அளவோடு இருந்து நாற்றம் மட்டுமே தொல்லை என்றால் படிகாரமே என் முதல் தேர்வு. செலவும் குறைவு, நெடுநாள் வரும். சட்டை நனையும் அளவுக்கு வியர்ப்பவர்கள் இரவு ரோல்-ஆனுக்குப் போவதே சரி. நலங்கு மாவை இவ்விரண்டோடும் சேர்த்துக்கொள்ளலாம், இவற்றுக்கு மாற்றாக அல்ல. அக்குள் முடியைக் குறைப்பது எல்லா வழிகளின் பலனையும் கூட்டும்.

முடியில் மஞ்சளாகவோ சிவப்பாகவோ கருப்பாகவோ சிறு மணிகள் ஒட்டியிருந்தாலும், தோலில் பழுப்புத் திட்டோ அரிப்போடு வளையமோ தெரிந்தாலும் அது வெறும் வியர்வை நாற்றம் அல்ல, தொற்று. அப்போது மருந்துக் கடையில் கேட்டவுடன் எடுத்துத் தரும் ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தடவினால் படர்தாமரை இன்னும் பரவும். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவிலோ அருகிலுள்ள தோல் மருத்துவரிடமோ காட்டினால் பெரும்பாலும் எளிய மருந்திலேயே குணமாகும். திடீரென்று வியர்வை கூடி, உடல் எடையும் குறைந்து வந்தால் தைராய்டுக்கும் சர்க்கரைக்கும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.