பூவரசா, தேக்கா, சீமைக்கருவேலமா? ஸ்க்ரோல் ரம்பத்துக்கு ஏற்ற மரம்

ராமநாதபுரம் மாவட்டத்தின் மண்டபம், பாம்பன், கீழக்கரை, தேவிபட்டினம் பக்கம், மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடி நெளிவுகளை அறுக்கும் ஸ்க்ரோல் ரம்பத்தைப் புதிதாக வாங்குகிறவர்கள் முதலில் தேடுவது தேக்குப் பலகையைத்தான். நிலை, கதவு, கட்டில் என்று தேக்கைத் தலைமுறைகளாகக் கொண்டாடிவந்த ஊர்கள் இவை. அதனால் நுணுக்கமான அறுப்பு வேலைக்கும் அதுவே சிறந்தது என்று நம்பிவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வேலியோரத்திலும் ஊருணிக் கரையிலும் கேட்பாரின்றி நிற்கிற பூவரசுக்குத்தான் நான் முதலிடம் கொடுப்பேன்.

தேக்கின் பெருமை வெயிலையும் மழையையும் தாங்குவதில் இருக்கிறது. ஸ்க்ரோல் ரம்பத்தில் நாம் கேட்பது வேறு: தீக்குச்சிக் கனத்தில் விட்ட மரக்கம்பி உடையக் கூடாது, வளைவில் ஓரம் பிய்யக் கூடாது. தேக்கின் குறுக்குவெட்டைக் கூரான பிளேடால் சீவி, ஈரம் தொட்டு, லென்ஸ் வைத்துப் பாருங்கள். வளையம் வளையமாகப் பெரிய துளைகள் வரிசை கட்டி நிற்கும். தேக்கை அடையாளம் காண இதைவிட நல்ல வழி இல்லை. அதன் பலவீனமும் அந்த வரிசையில்தான் இருக்கிறது. பாம்பன் பாலத்தின் இரும்புச் சட்டங்களைக் கால் அங்குலத் தேக்கில் அறுத்தால், ரேகைக்குக் குறுக்கே ஓடும் மெல்லிய சட்டங்கள் அந்தத் துளை வரிசையில்தான் முதலில் விரிசல் விடும். மரத்துக்குள் சிலிக்கா வேறு இருப்பதால் பிளேடு சீக்கிரமே மழுங்கிவிடும். இயற்கையான எண்ணெய்ப் பசை இருப்பதால், ஒட்டுவதற்குச் சற்று முன்பு அசிட்டோன் தொட்ட துணியால் துடைக்காவிட்டால் பசையும் சரியாகப் பிடிக்காது.

ஆனால் வீட்டு வாசலில் உப்புக்காற்றில் தொங்கப்போகிற பெயர்ப்பலகை என்றால் தேக்கையே எடுங்கள். இடித்த பழைய வீட்டுத் தேக்கு கிடைத்தால் இன்னும் நல்லது. அது நன்றாகக் காய்ந்து அடங்கிய மரம். அறுக்கும் முன் ஒரு காந்தத்தைப் பலகை முழுக்க ஓட்டிவிடுங்கள். உள்ளே முறிந்து கிடக்கும் ஓர் ஆணி போதும், பிளேடு போய்விடும்.

பூவரசைக் கண்டுபிடிக்க மூக்கே போதும். புதிதாக அறுத்த வைரத்தில், அதாவது மரத்தின் கெட்டியான நடுப்பகுதியில், லேசான ரோஜா வாசம் வரும். வெளிமரம் வெளிறிய நிறம். வைரம் செம்பழுப்பிலிருந்து சாக்லேட் நிறம் வரை போகும், நடுவே கருங்கோடுகளும் ஓடும். துளைகள் சிறியவை, தேக்கைப் போல வரிசை கட்டாமல் எங்கும் பரவியிருக்கும். ஆகவே பிளேடு எந்தப் பக்கம் திரும்பினாலும் அறுப்பு ஒரே சீராகப் போகிறது. முக்கால் அங்குலப் பலகைக்கு 5ஆம் எண் பிளேடு, கால் அங்குலத்துக்கு 2 அல்லது 3 போதும். கீழ்ப்பக்கப் பற்கள் சில மேல்நோக்கி இருக்கும் ரிவர்ஸ் பல் பிளேடு போட்டால் அடிப்பக்கம் நார் கிளம்பாது. அரபு எழுத்துகளின் நெளிவுகளையும் சிக்குக் கோலத்தின் சுழிகளையும் இந்த மரம் அழகாக ஏந்தும். உப்புத்தாளில் நயமான 320ஆம் எண் வரை தேய்த்து எண்ணெய் பூசினால் நிறம் ஆழ்ந்து எழும்பும். ஹவாய்த் தீவுகளில் இதே மரத்துக்கு மிலோ என்று பெயர். உணவில் வேண்டாத சுவை ஏற்றாது என்பதால் அங்கே கிண்ணங்கள் கடைந்தார்கள். இங்கே நாம் அதை வண்டிக்கும் விறகுக்கும் அனுப்பிவிட்டோம் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

குறை இல்லாமல் இல்லை. நேரான, அகலமான பலகை கிடைப்பது கடினம். அடிமரம் முறுகியிருக்கும், முதிர்ந்தால் உள்ளே பொந்து விழுந்திருக்கும். அறுவை மில்லில் விறகுக் குவியலைக் கிளறிப் பார்க்கிற பொறுமை வேண்டும். பச்சையாகக் கிடைத்தால் பலகையாக அறுத்து, இரு முனைகளிலும் மெழுகோ பெயிண்டோ பூசி, இடையில் சட்டம் வைத்து நிழலில் அடுக்குங்கள். ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது மரவேலைக்காரர்களின் பழைய கணக்கு. ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் கரையின் ஈரக்காற்று மரத்துக்குள் திரும்ப ஏறிவிடும் என்பதால், கோடை கழியும்போது அறுப்பது எனக்குப் பிடித்த முறை.

சீமைக்கருவேலம் நிலத்துக்குச் செய்த கேட்டை இந்த மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கமுதி, முதுகுளத்தூர் பக்கம் கரிமூட்டத்துக்குப் போகிற அந்தக் கட்டைக்குள் இருக்கும் செம்பழுப்பு வைரம் வீணாக எரிகிறது என்பேன். காயும்போது மிகக் குறைவாகவே சுருங்குகிற மரம் இது. ஈரமும் வெயிலும் மாறி மாறி வரும் கடற்கரையில் இது பெரிய குணம். கடினமோ கடினம். பலகையை அழுத்தித் தள்ளினால் ஓரம் கருகும். மேலே பார்சல் ஒட்டும் டேப்பை ஒட்டி, வேகத்தைக் குறைத்து, பிளேடை அடிக்கடி மாற்ற வேண்டும். அகலம் கிடைக்காது என்பதால் சாவிக்கொத்து வில்லை, காதணி, பூவரசுப் பலகையில் பதிக்கும் சிறு துண்டுகள் ஆகியவற்றுக்கு மட்டும் எடுங்கள். மஞ்சள் நிற வெளிமரத்தில் வண்டு துளைக்கும். அதைச் சீவி எறிந்துவிட வேண்டும்.

மற்றவை எனக்கு இரண்டாம் வரிசைதான். வேம்பின் ரேகை பின்னிக்கிடப்பதால் தேய்க்கும்போது நார் எழும்பும். ஆனால் பூச்சி அண்டாது. மாமரம் மலிவு, கைப்பழக்கத்துக்கு நல்லது, ஆனால் காயுமுன் பூஞ்சையால் நீலக்கறை பாய்ந்துவிடும். வாகையின் கரும்பழுப்பு அழகுதான், ஆனால் அதன் தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது. முகக்கவசம் இல்லாமல் வாகையை ரம்பத்தில் வைக்காதீர்கள்.