கடைச் சுவரில் தனி எழுத்துகள்: நேரடியாகப் பதிப்பதா, பலகை மேல் பொருத்துவதா?

கடையின் முகப்பில் பெயரைத் தனித்தனி எழுத்துகளாகப் பொருத்த விரும்புவோர் பெரும்பாலும் அக்ரிலிக்கா, ஸ்டீலா என்ற கேள்வியுடன் தொடங்குகிறார்கள். அதைவிட முதலில் முடிவு செய்ய வேண்டியது, எழுத்துகளைச் சுவரில் நேரடியாகப் பதிப்பதா, ஏசிபி (இரு அலுமினியத் தாள்களுக்கிடையே பிளாஸ்டிக் வைத்த தகடு) பலகை ஒன்றை அடித்து அதன்மேல் பொருத்துவதா என்பதே. தமிழ்நாட்டில் பெயர்ப்பலகையில் தமிழே முதன்மையாக இருக்க வேண்டும் என்பது விதி; தமிழ், ஆங்கிலம், பிறமொழி ஆகியவற்றுக்கு 5:3:2 என்ற அளவும் வகுக்கப்பட்டுள்ளது. ஆகவே மிகப் பெரிதாக நிற்கப்போவது தமிழ் எழுத்துதான். தமிழ் எழுத்தின் அமைப்பே இந்த முடிவைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

'கண்ணன் மளிகை' என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். எழுத்துகள் ஏழு. ஆனால் வெட்டி எடுக்கும்போது, 'கை' என்பதில் ஐகாரக் குறி தனித் துண்டாகிறது. இரண்டு புள்ளிகளும் தனித் துண்டுகளாகின்றன. மொத்தம் பத்துத் துண்டுகள். பெரிய துண்டு ஒவ்வொன்றுக்கும் மூன்று ஸ்டட் (எழுத்தின் பின்புறமிருந்து சுவருக்குள் இறங்கும் கம்பி), புள்ளிக்கு ஒன்று என்று வைத்தால் சுவரில் 26 துளைகள் வேண்டும். இதே பெயரைப் பலகையில் ஏற்றினால், பலகையின் சட்டத்தைப் பிடிக்க எட்டுத் துளைகளே போதும். வாடகைக் கடையில் இருப்பவருக்கு இந்த ஒரு கணக்கே முடிவைச் சொல்லிவிடும்.

நேரடிப் பதிப்பின் அழகை மறுக்க முடியாது. கருங்கல் முகப்போ நல்ல செங்கல் சுவரோ இருந்தால் அதைப் பலகையால் மறைப்பது எனக்கு உடன்பாடில்லை. எழுத்து சுவரிலிருந்து 15 முதல் 25 மி.மீ. தள்ளி நிற்கையில் விழும் நிழல், பகலில் விளக்கில்லாமலே பெயரை எடுத்துக்காட்டும். காற்றும் எழுத்துகளின் இடைவெளியில் கடந்துபோகும். பலகைக்கு அந்த வசதி இல்லை. மணிக்கு 108 கி.மீ. வேகக் காற்று ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 55 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் தரும். 12 அடிக்கு 3 அடிப் பலகை என்றால் 180 கிலோவுக்கு மேல். புயல் வரும் கடலோர ஊர்களில் சட்டத்தின் ஆணிகள் வெறும் பூச்சில் நில்லாமல் கான்கிரீட் வரையோ செங்கல் வரையோ இறங்கியாக வேண்டும்.

ஆனால் நேரடிப் பதிப்பு சுவரின் தரத்தை முழுமையாக நம்பியிருக்கிறது. ஹாலோ பிளாக் சுவரில் துளையின் அப்புறம் வெற்றிடமாக இருந்தால் சாதாரண பிளாஸ்டிக் பிளக் பிடிக்காது. சல்லடைக் குழாயுடன் இரசாயனப் பசை ஊற்ற வேண்டும். ஓடு பதித்த முகப்பில் துளையிடும் கருவியின் ஹேமர் என்னும் தட்டும் இயக்கத்தை நிறுத்திவிட்டு மெதுவாகத் துளைக்காவிட்டால் ஓடு விரியும். எல்லாத் துளைகளும் முழு அளவில் அச்சிட்ட காகித டெம்ப்ளேட்டை ஒட்டி, ரசமட்டம் வைத்துச் சரிபார்த்த பிறகே போடப்பட வேண்டும். பலகை முறையில் இந்த வேலை பட்டறையின் மேசையிலேயே முடிந்துவிடுகிறது. சாரத்தின் மேல் நின்று செய்ய வேண்டியது சட்டத்தை மட்டம் பார்த்து முடுக்குவது மட்டுமே.

விளக்கெரியும் எழுத்து என்றால் பலகைக்கே என் வாக்கு. ஒயர்கள் பலகைக்குப் பின்னால் மறைந்துவிடும். விளக்குகளுக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியைக் கை எட்டும் ஓரத்தில் வைக்கலாம். நேரடிப் பதிப்பில் ஒவ்வொரு விளக்கெழுத்துக்கும் சுவரைத் துளைத்து ஒயரை உள்ளே கொண்டுவர வேண்டும். அந்தத் துளைகள் சரியாக அடைக்கப்படாவிட்டால் அடுத்த மழைக்கு உட்சுவரில் ஈரம் தெரியும். ஏசிபி தகடு பொதுவாக 8 அடிக்கு 4 அடியில் வருவதால், அதைவிட நீளமான பலகையில் இணைப்புக் கோடு விழும். அந்தக் கோடு ஓர் எழுத்தின் நடுவே போகாதபடி முன்பே வரைந்துகொள்ள வேண்டும்.

ஒட்டுநாடாவால் மட்டும் ஒட்டுவது வரவேற்பறைக்குள் சரி; வெளிச்சுவருக்கு ஆகாது. நாடா பெயிண்டைத்தான் பிடிக்கிறது, சுவரை அல்ல.

இனி, புள்ளி. எந்த முறையிலும் முதலில் விழுவது அதுதான். 'பட்டு' என்பதில் புள்ளி விழுந்தால் கடை 'படடு' ஆகிவிடுகிறது. நம் தெருக்களில் அப்படி நிற்கும் பெயர்களைக் காணும்போது மனம் வலிக்கிறது. எழுத்தையும் புள்ளியையும் பின்புறம் ஒரு நிறமற்ற அக்ரிலிக் பட்டையால் இணைத்துவிடுவது நல்ல தீர்வு. ஆனால் அந்தப் பட்டையைச் சொல் முழுதுக்கும் நீட்டக் கூடாது. ஒரு மீட்டர் அக்ரிலிக், 30 பாகை வெப்ப வேறுபாட்டில் சுமார் 2 மி.மீ. நீளும், மேற்கு வெயில் படும் சுவரில் நாள்தோறும் அப்படி நீண்டு சுருங்கினால் ஸ்டட்கள் தளர்ந்துவிடும். எழுத்துக்கு எழுத்து தனிப் பட்டையே சரி. ஸ்டீல் எழுத்தானால் புள்ளிக்கும் ஸ்டட்டை வெல்டு செய்து தரச் சொல்லுங்கள். உப்புக்காற்றுள்ள ஊரில் 304 தரத்தைவிட, மாலிப்டினம் கலந்த 316 துருவைக் கூடுதலாகத் தாங்கும். துளைகளை அடைக்கச் சிலிக்கான் பசை வாங்கும்போது வினிகர் வாடை வீசும் வகையைத் தவிர்த்து, உலோகத்தையும் சிமென்டையும் அரிக்காத நியூட்ரல் வகையைக் கேளுங்கள்.

வேலை முடிந்ததும் டெம்ப்ளேட் காகிதத்தைச் சுருட்டி வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே இரண்டு புள்ளிகளை உபரியாக வெட்டித் தரச் சொல்லி, கல்லாப்பெட்டியிலேயே போட்டு வையுங்கள்.