வேனை விற்று மொபெட் வாங்கினேன்: ஒரு பிளம்பரின் நாலரை வருடக் கணக்கு

கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளையில் வீடு. வேலையில் முக்கால்வாசி எல்லைக்கு அந்தப் பக்கம். பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம், சில நாள் திருவனந்தபுரம் நகரத்துக் கரமனை, வலியசாலை வரைக்கும் போவேன். கிணற்று மோட்டார் கழற்றி மாட்டுவது, மாடி டேங்குக்கு லைன் இழுப்பது, பாத்ரூம் பிட்டிங் எல்லாம் பார்ப்பேன். 2014 முதல் 2020 வரை பழைய சின்ன வேன் ஒன்று வைத்திருந்தேன். அதற்குப் பிறகு நாலரை வருடமாக 100 சிசி மொபெட். மீட்டர் இன்றைக்கு 61,400 காட்டுகிறது. கம்பெனிப் பெயரை விடுங்கள். எனக்குச் சொல்ல இருப்பதெல்லாம் வண்டியை எங்கே நிறுத்துவது என்பதில்தான் இருக்கிறது.

வேன் வாங்கியபோது ‘இனிமேல் நீ காண்ட்ராக்டர்’ என்று மச்சான் சொன்னான். பின்சீட்டைக் கழற்றிவிட்டால் டிரில்லிங் மெஷின், பைப் ரெஞ்ச், செயின் பிளாக், எல்போ டீ போட்ட நாலு டப்பா, மேலே கேரியரில் இருபதடி பைப், ஏணி. ஒரு சின்னக் கடையே கூட வருகிற மாதிரி. கடை வந்தால் போதுமா, அதற்கு இடம் வேண்டாமா?

அந்தப் பக்கத்து ஊர்களில் பெரிய ரோட்டிலிருந்து இறங்கினால் இடவழிதான். இரண்டு பக்கமும் மதில். ஒரு கார் நுழைந்தால் எதிரே வருகிற ஸ்கூட்டர் யாராவது ஒருவர் வீட்டுக் கேட்டுக்குள் ஒதுங்கி நிற்க வேண்டும். அங்கே வேனை நிறுத்தி மாடியேறி, டேங்க் வால்வைக் கழற்றிக் கையெல்லாம் சேறாக இருக்கும்போது கீழேயிருந்து ஹார்ன் கேட்கும். ‘சேட்டா, வண்டி ஒந்நு மாற்றணே!’ இறங்கி, கை கழுவி, வண்டியை முக்கு வரை ரிவர்ஸ் எடுத்து, அவர் போனபிறகு திரும்பக் கொண்டுவந்து மேலே ஏறினால், கட்டிய டெஃப்லான் டேப் அவிழ்ந்து தொங்கும். ஒரு நாளைக்கு நாலு தடவை இப்படி.

வீட்டு முற்றத்தில் நிறுத்தலாமே என்பீர்கள். முற்றத்தில் அவர்கள் கார் நிற்கும். இடம் இருந்தாலும் கீழே இன்டர்லாக் கல். என் வேனுக்கு இஞ்சின் முன்சீட்டுக்கு அடியில், வயசான வண்டி, நின்ற இடத்தில் சொட்டு விடும். நெய்யாற்றின்கரை பக்கம் வளைகுடாவிலிருந்து வந்து வீடு கட்டிய ஒருவர் மூன்று நாள் வேலை முடிந்ததும் எண்ணெய்க் கறையைக் காட்டிக் கூலியில் ஐந்நூறு பிடித்துக்கொண்டார். கோபம் வந்தது. ஆனால் அந்தக் கல் ஒவ்வொன்றையும் அவர் பார்த்துப் பார்த்துப் பதித்ததும் எனக்குத் தெரியும். அதன்பிறகு டிக்கியில் எப்போதும் இரண்டு அட்டைப்பெட்டி வைத்திருந்தேன், இஞ்சினுக்குக் கீழே விரிக்க.

மிச்சம் இருப்பது ரோட்டோரம். பழைய 47, இப்போதைய 66 நெடுஞ்சாலையில் களியக்காவிளைப் பக்கம் கடை வாசலும் தாரும் ஒட்டிக் கிடக்கும். ஒரு ஜங்ஷனில் இருபது நிமிடம்தான் நிறுத்தினேன். சாயங்காலம் போனில் அபராதச் செய்தி. குறை சொல்லவில்லை. 2017 மோட்டார் வாகன ஓட்டுநர் ஒழுங்குமுறையில் நடைபாதை மேல், பிறர் வீட்டு வாசலை மறித்து நிறுத்தக்கூடாது என்றுதான் இருக்கிறது. அப்படியானால் பிளம்பர் எங்கே நிறுத்துவது என்று அதில் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

2019-இல் ஒரு மாதம், சும்மா ஒரு வெறியில், சின்ன நோட்டில் குறித்துவைத்தேன். வேனுக்கும் வேலை இடத்துக்கும் எத்தனை நடை என்று. பைப்பை இணைக்கிற முக்கால் இஞ்ச் யூனியன் எடுக்க ஒரு நடை. வந்து பார்த்தால் அங்கே ஒரு இஞ்ச். அதற்கு ஒரு நடை. பைப் ஒட்டுகிற சொல்யூஷன் காய்ந்துபோயிருந்தால் இன்னொரு நடை. சராசரி ஒரு வேலைக்கு ஏழு. வண்டி இருநூறு மீட்டர் தள்ளி நின்றால் போக வர ஏழு நடைக்கு மூன்று கிலோமீட்டர் கிட்ட வரும். நடந்த நேரத்துக்கு யாரும் கூலி தரமாட்டார்கள். அந்த நோட்டுதான் வேனை விற்க வைத்தது.

மொபெட் எடுத்தது 2020 அக்டோபரில், பிஎஸ்-6 என்கிற புதுப் புகை விதி வந்தபிறகு. பின்சீட்டைக் கழற்றிவிட்டு மார்த்தாண்டத்தில் வெல்டிங் செய்து இரும்பு கேரியர் போட்டேன். அதில் ஒரு பிளாஸ்டிக் கிரேட், இரண்டு பக்கமும் பூட்டு வைத்த தகரப் பெட்டி. முன்னால் கால் வைக்கிற பலகையில் இருபது லிட்டர் பக்கெட் உட்காரும். ஒரு குதிரைச் சக்தி மோனோபிளாக் மோட்டாரை அதே இடத்தில் வைத்துக் கயிறு கட்டிக் கொண்டுபோயிருக்கிறேன். ஹாண்டில்பாரின் அகலம் இரண்டடிக்குக் கொஞ்சம் மேலே. கேட்டில் சின்னக் கதவு மட்டும் திறந்தால் போதும், கிணற்றடி வரைக்கும் உருட்டிக்கொண்டு போய்விடலாம். எண்ணெய்ச் சொட்டு கிடையாது. நடை ஏழு என்பது ஒன்றோ இரண்டோ ஆனது. நான் வாங்கியதிலேயே பெரிய லாபம் இதுதான். பெட்ரோலெல்லாம் அதற்குப் பிறகு. லிட்டருக்கு ஐம்பதை ஒட்டிக் கிடைக்கிறது, நாலு லிட்டர் டேங்க், அவ்வளவே.

இதன் அருமை எனக்குப் புரிந்த இடம் பாலராமபுரம் சாலியர் தெரு. 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பலராமவர்மா காலத்தில் தமிழ்ச் சீமையிலிருந்து கொண்டுவந்து குடிவைத்த நெசவுக் குடும்பங்கள். வயதானவர்கள் என்னோடு தமிழில்தான் பேசுவார்கள். காலையில் தறிக்கு ஏற்றுகிற நீள நூலான பாவைத் தெரு நீளத்துக்கு விரித்து, கஞ்சி போட்டு, பிரஷால் இழுத்துக் காயவைப்பார்கள். வேன் இருந்த காலத்தில் அது முடியும்வரை தெருமுனையில் சாயா குடித்துக்கொண்டு நிற்பேன். இப்போது இஞ்சினை அணைத்துவிட்டுத் திண்ணையோரமாக உருட்டிப் போகிறேன். ஒரு பெரியவர் ஒவ்வொரு தடவையும் ‘தம்பி, புழுதி கிளப்பாம போப்பா’ என்பார். ஈர நூலில் மண் ஒட்டினால் அவர் ஒரு நாள் வேலை போச்சு.

கரமனை, வலியசாலை அக்ரகாரங்கள் வேறு மாதிரி. வீடுகள் சுவரோடு சுவர், வாசல் நேரே தெருவில். அங்கே இடம் இருக்கும், நிறுத்த விடமாட்டார்கள். ‘பிளம்பர், கோலத்து மேல வண்டிய ஏத்தாதீங்கோ’ என்று மாமி சன்னலிலிருந்தே சொல்லிவிடுவார். மொபெட்டுக்குக் கோலத்துக்கும் ஓடைக்கும் நடுவே ஒன்றரை அடி கிடைத்தால் ஸ்டாண்ட் போட்டுவிடலாம். ஆற்றுக்கால் கோயில் பொங்கல் அன்றைக்கு மட்டும் நகரத்துக்குள் எந்த வண்டியும் வேண்டாம். ரோடெல்லாம் அடுப்பு, அன்றைக்குக் குழாய் உடைந்தால் மறுநாள்தான்.

இனிக் குறைகள். மழையில் டிரம் பிரேக்கை நம்பி இறக்கத்தில் இறங்காதீர்கள். முற்றம் மேட்டில் இருக்கிற வீடுகளுக்குச் சுமையோடு ஏறினால் ஆட்டோமேட்டிக் கிளட்ச் திணறும். 31,000-இல் கிளட்ச் ஷூ மாற்றினேன். நெடுஞ்சாலையில் ஐம்பத்தைந்துக்கு மேல் கை மரத்துவிடும். ஆனி, ஆடி மழையில் என்ன கோட் போட்டாலும் வேலைக்குப் போய்ச் சேரும்போது பாதி நனைந்திருப்பேன்.

மரியாதைக் குறைவும் உண்டு. ‘மொபெட்டில் வருகிற ஆளா முழு வீட்டுக்கும் லைன் இழுக்கப் போகிறது’ என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார். முதல் ஆறு மாதம் புது வீட்டு காண்ட்ராக்ட் ஒன்றும் கிடைக்கவில்லை, ரிப்பேர் வேலைதான். வேன் நின்றால் கூலி கேட்கும்போது குரல் தானாகவே கொஞ்சம் உயரும், அது உண்மை.

2022-இல் திருட்டு. கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு மாடியில் இருந்தேன். பெட்டிப் பூட்டை நெம்பி டிரில்லிங் மெஷினை எடுத்துப் போய்விட்டார்கள். வேன் இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று வீட்டில் சொன்னதை ஒரு மாதம் கேட்டேன். இப்போது மெஷின் தோளில் என்னோடு ஏறும், இறங்கும். வண்டியைக் கேட்டுக்குள் விடமாட்டோம் என்கிற வீட்டில் வேலையையே ஏற்பதில்லை.

பைப் எப்படி என்று கேட்பீர்கள். நான் கொண்டுபோவதே இல்லை. அளவெடுத்து, அந்த ஊர்க் கடையில் போன் போட்டுச் சொன்னால் பெட்டி ஆட்டோக்காரர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடுவார். பார்க்கிங் பாடு அவருக்குப் பத்து நிமிடம்தான். ஆட்டோ வாடகை பில்லிலேயே வரும், வீட்டுக்காரர்கள் முணுமுணுப்பதில்லை. என் வண்டியின் தமிழ்நாட்டு டிஎன்-75 நம்பரைப் பார்த்து ‘கேரளத்துக்கு மாற்ற வேண்டாமா’ என்று சிலர் கேட்கிறார்கள். வேறு மாநிலத்தில் தொடர்ந்து பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால்தான் மறுபதிவு. என் வண்டி ராத்திரி வீட்டுக்கு வந்துவிடுகிறது.

ஏணிக்கு மட்டும் இன்னும் வழி இல்லை. மொபெட்டில் கட்டிப்போவது எனக்கும் ஆபத்து, எதிரே வருகிறவனுக்கும் ஆபத்து. அதனால் ஊருக்கு ஒன்றாகப் பழகிய வீடுகளில் மூன்று ஏணி போட்டுவைத்திருக்கிறேன். போன மாதம் பாறசாலையில் எடுக்கப் போனேன். வீட்டுக்காரச் சேட்டன் அதன் மேல் நின்று சக்கை, அதாவது பலாப்பழம், பறித்துக்கொண்டிருந்தார். அவர் இறங்கும்வரை நின்று, ஏணியைத் தோளில் வைத்து நாலு வீடு தள்ளி வேலைக்குப் போனேன். திரும்பக் கொண்டுபோய்ச் சாத்தியபோது ஒரு முழுச் சக்கையைத் தூக்கிக் கால் பலகையில் வைத்துவிட்டார். பக்கெட்டை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.