கிரெடிட் கார்டு அப்கிரேடு: ஒன்றரை வருடம் பயன்படுத்திப் பார்த்ததில்

"உங்க கார்டு அடுத்த லெவலுக்குத் தகுதி ஆயிருக்கு மேடம், முதல் வருஷம் கட்டணம் கிடையாது, நீங்க ஓகே சொன்னா போதும்" என்று வங்கியிலிருந்து போன் வந்தது. வேலைக்கு நடுவில் இருந்தேன், ஓகே என்று சொல்லிவிட்டேன். பத்து நாளில் புதுக் கார்டு வீட்டுக்கு வந்துவிட்டது. அதை ஒன்றரை வருடம் பயன்படுத்திவிட்டு இதை எழுதுகிறேன். எந்த வங்கி என்பது முக்கியமில்லை, ஏனென்றால் விசாரித்த வரை மற்றவர்களுக்கும் ஏறக்குறைய இதே பேச்சு, இதே அனுபவம்தான். கார்டுக்கு ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். அதை என் கையில் கொடுத்த விதத்துக்கு இரண்டுதான்.

முதலில் இந்த "லெவல்" என்கிற படிகள் என்னவென்று பார்த்துவிடலாம். எனக்கே இது புரிய நாளாயிற்று. கார்டின் மூலையில் இருக்கும் பெயர்கள் இரண்டு வேறு வேறு இடத்திலிருந்து வருகின்றன. விசா, மாஸ்டர்கார்டு என்பவை பணம் போகும் பாதையை நடத்தும் நிறுவனங்கள். படிகளுக்குப் பெயர் வைப்பது அவர்கள். விசாவில் கிளாசிக், கோல்டு, பிளாட்டினம், சிக்னேச்சர், இன்ஃபினிட் என்று ஏறும். மாஸ்டர்கார்டில் ஸ்டாண்டர்டு, கோல்டு, பிளாட்டினம், டைட்டானியம் எல்லாம் தாண்டி வேர்ல்டு, அதற்கு மேல் வேர்ல்டு எலைட். ஆனால் அந்தக் கார்டை நமக்குக் கொடுப்பது, ஆண்டுக் கட்டணம் எவ்வளவு, வட்டி எவ்வளவு, செலவுக்குப் பரிசாக எத்தனை புள்ளி என்று முடிவு செய்வது எல்லாம் வங்கி. படியின் பெயர் சில குறைந்தபட்ச வசதிகளுக்குத்தான் அடையாளம். அதனால்தான் ஒரே சிக்னேச்சர் என்ற பெயரில் ஒரு வங்கி தாராளமாகக் கொடுக்கும், இன்னொரு வங்கி பேருக்கு எதையோ கொடுக்கும். பெயரை வைத்து இரண்டு வங்கிக் கார்டுகளை ஒப்பிட்டால் தப்புக் கணக்குதான் வரும்.

அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கதை வேறு. பாதையும் அவர்களுடையது, பெரும்பாலும் கார்டு கொடுப்பதும் அவர்களே. பச்சை, கோல்டு, பிளாட்டினம், அதற்கும் மேலே அவர்களாக அழைத்துக் கொடுக்கும் கறுப்பு நிற செஞ்சூரியன். கோல்டு 1966இல் வந்தது, பிளாட்டினம் 1984இல், செஞ்சூரியன் 1999இல். அந்தக் காலத்தில் கோல்டு கார்டு என்றாலே வசதியானவர் என்று அர்த்தம். பிறகு எல்லா வங்கியும் கோல்டு, பிளாட்டினம் என்று கொடுக்க ஆரம்பித்ததும் அந்தப் பெயர்களுக்கு மவுசு குறைந்து, அவற்றுக்கு மேலே புதுப் பெயர்கள் தேவைப்பட்டன. இப்போது அமெரிக்கன் எக்ஸ்பிரஸில் பிளாட்டினம் ஏறக்குறைய உச்சி, விசாவில் பிளாட்டினம் நடுப்படி. ஒரே சொல்தான், இருக்கும் இடம் வேறு. போனில் பேசியவர் என்னிடம் "பிளாட்டினத்துக்கும் மேல" என்று அழுத்திச் சொன்னது நினைவிருக்கிறது, எதற்கு மேலே என்று நான் கேட்கவில்லை.

சரி, அப்கிரேடு செய்தால் உண்மையில் என்ன மாறுகிறது? எனக்கு முதலில் மாறியது கார்டு எண். இதை யாரும் சொல்லவில்லை. கார்டின் முதல் ஆறு இலக்கங்கள், 2022க்குப் பிறகு பல கார்டுகளில் முதல் எட்டு, எந்த நிறுவனம், எந்த வங்கி, எந்த ரகக் கார்டு என்பதைச் சொல்பவை. விசா என்றால் 4இல் தொடங்கும், அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் என்றால் 34 அல்லது 37. ரகம் மாறும்போது பல வங்கிகளில் இந்த எண்ணும் மாறிவிடும். அப்படி மாறினால் பழைய எண்ணை நம்பி மாதாமாதம் தானாகப் பிடிக்கும் எல்லாக் கட்டணமும் நின்றுபோகும். எனக்கு இன்டர்நெட் பில் நின்றது, ஒரு காப்பீட்டுத் தவணையும் நின்றது. காப்பீட்டில் சலுகை நாட்கள் இருந்ததால் தப்பித்தேன், இன்டர்நெட்டுக்கு அபராதம் கட்டினேன். நீங்கள் அப்கிரேடுக்குச் சம்மதிப்பதற்கு முன் கடைசி மூன்று ஸ்டேட்மென்ட்டை எடுத்து, தானாகப் போகும் கட்டணங்களை ஒரு தாளில் எழுதி வையுங்கள். அரை மணி நேர வேலை.

மாறாதது லிமிட், அதாவது கார்டில் அதிகபட்சம் செலவு செய்யக்கூடிய தொகை. மேல்படி என்றால் லிமிட்டும் ஏறும் என்று நினைத்திருந்தேன், அதே லிமிட்தான் வந்தது. லிமிட் உயர்வு தனி விண்ணப்பம், வருமானத்தைப் பார்த்துத் தனியாக முடிவு செய்வார்கள். சில வங்கிகள் இரண்டையும் சேர்த்துக் கொடுக்கலாம், ஆனால் தானாக வரும் என்று நம்பி இருக்க வேண்டாம். வட்டியும் எனக்கு மாறவில்லை. மாதத்துக்கு அதே 3 சதவீதம்தான்.

அடுத்தது லவுஞ்ச், விமான நிலையத்தில் காத்திருக்க இருக்கும் சொகுசு அறை. போனில் பேசியவர் அதிகம் பேசியது இதைப் பற்றித்தான். நான்காவது மாதம் விமான நிலையத்தில், விமானத்துக்கு இரண்டு மணி நேரம் இருக்கும்போது, பெட்டியை இழுத்துக்கொண்டு லவுஞ்ச் வாசலுக்குப் போனேன். வரவேற்பில் இருந்த பெண் கார்டை வாங்கி மெஷினில் செருகினார். பச்சை விளக்குக்குப் பதில் சிவப்பு எரிந்தது. எடுத்துத் துடைத்து மறுபடி செருகினார், மறுபடி சிவப்பு. என் பின்னால் மூன்று பேர் நின்றிருந்தார்கள். "போன காலாண்டுல செலவு பத்தலைன்னு காட்டுது மேடம், உங்க பேங்க்ல கேட்டுப் பாருங்க" என்று தணிந்த குரலில் சொல்லி, கார்டை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை, மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்து நிபந்தனைகளைத் தேடிப் படித்தேன். முந்தைய மூன்று மாதத்தில் இவ்வளவு செலவு செய்திருந்தால்தான் இந்த மூன்று மாதத்தில் இலவச நுழைவு என்று பதினோராவது பக்கத்தில் இருந்தது. ஓகே வாங்கும்போது இந்த ஒரு வரியைச் சொல்லியிருக்கலாம். சொல்லாததுதான் எனக்கு இன்றும் வருத்தம்.

வங்கிக்கு இதில் என்ன ஆர்வம் என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. நாம் கடையில் கார்டைத் தேய்த்தால் கடைக்காரர் ஒரு சிறு சதவீதத்தைக் கட்டணமாக இழக்கிறார். அதில் பெரிய பங்கு கார்டு கொடுத்த வங்கிக்குப் போகிறது. பல நாடுகளில் மேல்படிக் கார்டு என்றால் அந்தப் பங்கும் அதிகம். நமக்கு வரும் புள்ளிகளுக்கான பணத்தில் ஒரு பகுதி அங்கிருந்துதான் வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015 கடைசியிலிருந்து சாதாரண நுகர்வோர் கிரெடிட் கார்டுக்கு அந்தப் பங்கு 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று உச்சவரம்பு இருக்கிறது. வரம்பு அப்படி இறுகினால் வங்கி புள்ளிகளை வாரி வழங்க முடியாது. ஆக வங்கிக்கு முக்கியமாக மூன்று வழியில் வருமானம்: கடைக்காரரிடமிருந்து, நம் ஆண்டுக் கட்டணத்திலிருந்து, முழுத் தொகையைக் கட்டாதவர்களின் வட்டியிலிருந்து. இதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் "தகுதி ஆயிருக்கு" என்ற சொல்லைக் கேட்டு இது ஏதோ பதவி உயர்வு என்று நான் மகிழ்ந்தேன் பாருங்கள், அதுதான் பிசகு. பழைய ஒப்பந்தத்தை முடித்துவிட்டு வேறு விலையில் வேறு ஒப்பந்தத்தில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

பன்னிரண்டாவது மாதம், கட்டணம் விழுவதற்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டேட்மென்ட்களை எல்லாம் மேசையில் பரப்பிவைத்துக்கொண்டு பென்சிலோடு உட்கார்ந்தேன். என் கணக்கை அப்படியே தருகிறேன், நாணயத்தை விட்டுவிட்டு எண்களை மட்டும் பாருங்கள். பழைய கார்டுக்குக் கட்டணம் 500, திரும்பக் கிடைப்பது 1 சதவீதம். புதியதற்கு 3,000, கிடைப்பது 1.5 சதவீதம். கூடுதல் கட்டணம் 2,500. கூடுதல் பலன் அரை சதவீதம். 2,500ஐ அரை சதவீதத்தால் ஈடுகட்ட வேண்டுமானால் வருடத்துக்கு 5 லட்சம் செலவு செய்ய வேண்டும். நான் செய்தது 4 லட்சத்து 20 ஆயிரம். அதிலும் வாடகை, எரிபொருள், காப்பீடு என்று 1 லட்சத்து 20 ஆயிரத்துக்குப் புள்ளியே கிடையாது. மிச்சம் 3 லட்சம், அதற்குக் கூடுதலாகக் கிடைத்தது 1,500. அதாவது முதல் வருடமே கட்டணம் இருந்திருந்தால் 1,000 நஷ்டம்.

ஆனால் அந்த வருடம் வேலை விஷயமாக இரண்டு முறை வெளிநாடு போனேன். அந்த 3 லட்சத்தில் 1 லட்சத்து 20 ஆயிரம் அங்கே செய்த செலவு. வேற்று நாணயத்தில் செலவு செய்தால் வங்கி தன் பங்குக்கு ஒரு கூடுதல் கட்டணம் போடும். பழைய கார்டில் அது 3.5 சதவீதம், புதியதில் 2. அந்த ஒன்றரை சதவீத வித்தியாசம் 1,800ஐ மிச்சம் பிடித்தது. எல்லாம் சேர்த்து 3,300, கூடுதல் கட்டணம் 2,500 போக 800 லாபம். இந்தக் கார்டில் எனக்கு உண்மையிலேயே உபயோகமான அம்சம் இதுதான், கார்டுக்கு நான்கு மதிப்பெண் போட்டதும் இதனால்தான். போனில் பேசியவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது ஆச்சரியம். வெளிநாட்டுப் பயணம் இல்லாத வருடத்தில் இதே கார்டு எனக்கு நஷ்டம்.

புள்ளிக் கணக்கில் இன்னொன்று. நூறுக்கு நான்கு புள்ளி என்று சொல்வார்கள், கேட்க நன்றாக இருக்கும். ஒரு புள்ளியின் மதிப்பு 0.25தான் என்றால் அது வெறும் 1 சதவீதம். அதே புள்ளியைப் பொருளாக மாற்றினால் ஒரு மதிப்பு, விமான டிக்கெட்டாக மாற்றினால் வேறு மதிப்பு. புள்ளி எத்தனை என்று கேட்காமல், ஒரு புள்ளிக்கு என்ன தருவீர்கள் என்று கேளுங்கள். பழைய கார்டில் சேர்ந்த புள்ளிகள் புதியதற்கு வருமா என்றும் கேளுங்கள். எனக்கு வந்தன. என்னோடு வேலை செய்யும் ஒருவருக்கு வரவில்லை, மாற்றுவதற்கு முன்பே செலவழித்திருக்க வேண்டுமாம்.

அப்கிரேடா, புதிதாக விண்ணப்பமா என்பதையும் யோசிக்க வேண்டும். அப்கிரேடில் வழக்கமாகக் கணக்கின் வயது தொடரும், கடன் வரலாற்றுக்கு அது நல்லது. ஆனால் புது வாடிக்கையாளருக்குத் தரும் தொடக்க போனஸ் புள்ளிகள் அப்கிரேடு செய்பவருக்குப் பல நேரங்களில் கிடைக்காது. எனக்குக் கிடைக்கவில்லை. திரும்பப் பழைய படிக்கு இறங்க முடியுமா என்பதை முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். என் வங்கியில் முடியும், ஆனால் கட்டணம் விழுவதற்கு முப்பது நாள் முன்னால் சொல்ல வேண்டும்.

போன வாரம் தங்கையின் போன். "அக்கா, எனக்கும் அப்கிரேடு வந்திருக்கு, மெட்டல் கார்டாம், எடுத்துக்கட்டுமா?" என்றாள். மாதாமாதம் முழுத் தொகையையும் கட்டுகிறாயா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், மூன்று மாதமாக மினிமம் தொகை மட்டும்தான் கட்டுகிறேன் என்றாள். மாதம் 3 சதவீதம் வட்டி, அது வட்டிக்கு வட்டியாக ஏறினால் வருடத்துக்கு 42 சதவீதத்தைத் தாண்டும். பாக்கி நிற்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டி இல்லாத நாட்கள் கிடைக்காது. ஒன்றரை சதவீதப் புள்ளியை வைத்துக்கொண்டு அங்கே என்ன செய்ய முடியும்? அப்கிரேடு வேண்டாம் என்று சொல்லிவிடு, பாக்கியை முதலில் முடி என்றேன். ஸ்டேட்மென்ட்டை எனக்கு அனுப்பியிருக்கிறாள். வரும் ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேர்ந்து பார்க்கப் போகிறோம்.