கிட் காருக்கான ஹைட்ராலிக் கிளட்ச் தொகுப்பு: தரமான பாகங்கள், போதாத கையேடு

பகுதி பகுதியாக வாங்கி நாமே கோத்து முடிக்கும் கிட் காரில், எஞ்சின் ஒரு வண்டியிலிருந்தும் கியர்பாக்ஸ் வேறொன்றிலிருந்தும் பெடல்கள் மூன்றாவது இடத்திலிருந்தும் வந்து சேர்வதால், இவற்றை இணைக்கும் கிளட்ச்தான் பெரும்பாலும் முதலில் தகராறு செய்யும். கேபிளைக் கைவிட்டு, எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் முறைக்கு மாறுவோருக்காக விற்கப்படும் தொகுப்பு ஒன்றை, புதிதாகக் கட்டிய என் காரில் பொருத்தி ஓட்டிப் பார்த்தபின் இதை எழுதுகிறேன். பெடலை மிதிக்கும்போது எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர், கியர்பாக்ஸுக்குள் சுழற்சியைக் கொண்டுசெல்லும் இன்புட் ஷாஃப்டைச் சுற்றி அமர்ந்து அந்த எண்ணெயால் நகரும் வளைய வடிவ ஸ்லேவ் சிலிண்டர், எஃகுப் பின்னல் போர்த்திய குழாய், காற்றை வெளியேற்றும் நிப்பிள் ஆகியவை அதில் அடங்கும்.

பாகங்களின் தரத்தில் குறையில்லை. மரைகள் சுத்தமாக வெட்டப்பட்டுள்ளன, இணைப்புகளில் கசிவில்லை, ஸ்லேவ் சிலிண்டர் தள்ளக் கிளட்ச்சை விலக்கும் ரிலீஸ் பேரிங் சத்தமின்றிச் சுழல்கிறது. கேபிளை வளைத்துக் கொண்டுபோக இடமில்லாத குறுகலான சேஸிஸில், குழாயை வேண்டிய வழியில் செலுத்த முடிவது பெரிய வசதி.

சிக்கல் எஞ்சினை இயக்கியபோதுதான் வெளிப்பட்டது. எஞ்சின் நின்றிருக்கையில் எல்லா கியர்களும் எளிதாக விழுந்தன. அது ஓடத் தொடங்கியதும் முதல் கியர் முரண்டு பிடித்தது, ரிவர்ஸ் கரகரவென்று அரைத்தது. இந்த வேறுபாடே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. எஞ்சின் நின்ற நிலையிலும் கியர் விழவில்லை என்றால் லிவரையும் அதன் இணைப்புகளையும் சந்தேகிக்கலாம். ஓடும்போது மட்டும் மறுத்தால், பெடலை முழுவதும் மிதித்தும் கிளட்ச் பிளேட் எஞ்சினோடு சுழலும் ஃபிளைவீலிலிருந்து சரியாக விலகவில்லை என்றே பெரும்பாலும் பொருள். பழைய கியர்பாக்ஸ்கள் பலவற்றில் ரிவர்ஸுக்கு, பற்சக்கரங்களின் வேகத்தைச் சமப்படுத்தும் சின்க்ரோ கிடையாது என்பதால் அந்த கியரே குறையை முதலில் காட்டிக்கொடுக்கும்.

விற்பனையாளரின் உதவிப் பிரிவு கியர்பாக்ஸைக் கழற்றிப் பார்க்கச் சொன்னது; அந்த அறிவுரையை நான் ஏற்கவில்லை. கழற்றுவதற்கு முன் செய்யவேண்டிய சோதனைகள் இருக்கின்றன. பெடலைத் தொடர்ந்து சில முறை மிதித்தபின் கியர் விழுந்தால் குழாயில் காற்று சிக்கியிருக்கக்கூடும். குழாய் எங்காவது மேடாக வளைந்து இறங்கினால் காற்று அந்த மேட்டில் தங்கிவிடும். என் காரில் பலமுறை மிதித்தும் எந்த மாற்றமும் தெரியவில்லை. ஆகவே, கேபிள் முறையில் கிளட்ச் ஃபோர்க் நுழையும் துளையின் வழியாக ரிலீஸ் பேரிங் எவ்வளவு நகர்கிறது என்று அளந்தேன். கிளட்ச் பிளேட்டை ஃபிளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் என் பிரஷர் பிளேட்டுக்கு ஏறக்குறைய 8 மி.மீ. நகர்வு தேவை; கிடைத்ததோ 6 மி.மீ. அளவே.

காரணம் எளிய கணக்கில் கிடைத்தது. பெடல் 150 மி.மீ. இறங்குகிறது, அதன் நெம்பு விகிதம் 6:1, எனவே மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் 25 மி.மீ. நகர்கிறது. தொகுப்பில் வந்த 15.9 மி.மீ. விட்டமுள்ள சிலிண்டர் அந்த நகர்வில் சுமார் 5 க.செ.மீ. எண்ணெயைத் தள்ளுகிறது, 8 ச.செ.மீ. பரப்புள்ள ஸ்லேவ் சிலிண்டரில் அது 6.2 மி.மீ. நகர்வாகிறது. 19.05 மி.மீ. சிலிண்டராக இருந்தால் சுமார் 7.1 க.செ.மீ., அதாவது 8.9 மி.மீ. கிடைக்கும். இது போக, சிலிண்டரைத் தாங்கும் அலுமினியத் தகடு மிதிக்கும்போது வளைந்தால் அங்கும் நகர்வு வீணாகும் என்பதால், ஒருவரை மிதிக்கச் சொல்லி அந்தத் தகட்டைக் கவனிப்பது நல்லது.

இந்தக் கணக்கு கையேட்டில் ஒரு வரிகூட இல்லாததுதான் என் முதன்மையான புகார். மாஸ்டர் சிலிண்டரின் தள்ளுகோலுக்கு முனையில் சிறிது தளர்வு விடவேண்டும் என்பதும் அதில் இல்லை. தளர்வில்லாவிட்டால் எண்ணெய் தொட்டிக்குத் திரும்பும் வழி அடைபட்டு, சூட்டில் விரிந்த எண்ணெய் கிளட்ச்சை லேசாக அழுத்திக்கொண்டே இருக்கும், பிளேட் வழுக்கித் தேயும். பெரிய சிலிண்டர் பொருத்துவோர் பெடலுக்கு அடியில் தடுப்பும் வைக்கவேண்டும். அளவுக்கு மீறித் தள்ளினால் ஸ்லேவ் சிலிண்டரின் சீல் வெளியேறிவிடலாம். சீல் கசிந்தால் கியர்பாக்ஸை இறக்கியே ஆகவேண்டும் என்பது இந்த வளைய அமைப்புக்கே உரிய குறை.

நகர்வு போதுமானதாக இருந்தும் கியர் அரைத்தால் வேறு இடங்களில் தேடவேண்டும்: நெடுங்காலம் ஓடாமல் நின்றதால் துருவேறி ஃபிளைவீலோடு ஒட்டிய பிளேட், திருப்பி மாட்டப்பட்ட பிளேட், இன்புட் ஷாஃப்டின் முனையைத் தாங்கும் பைலட் பேரிங் இறுகிப்போயிருப்பது.

விற்பனையாளர் என் அளவுகளைப் பார்த்தபின் மறுப்பின்றிப் பெரிய சிலிண்டரை மாற்றிக் கொடுத்தார் என்பதையும் நியாயமாகக் குறிப்பிடவேண்டும். இப்போது ரிவர்ஸ் சத்தமின்றி விழுகிறது. ஆனால் கிளட்ச்சில் அதே விசை கிடைக்கப் பெடலை 44 விழுக்காடு கூடுதல் பலத்தோடு அழுத்தவேண்டியிருக்கிறது. நெரிசலில் அதிகம் ஓட்டுவோர் தங்கள் பெடலின் விகிதத்தையும் நகர்வையும் முன்கூட்டியே அளந்து சொல்லி, இடைப்பட்ட 17.8 மி.மீ. சிலிண்டர் போதுமா என்று கேட்டு வாங்கலாம்.