கோட்டடி டைப்பிங் கடை: டைப் பண்ணக் குடுங்க, கையெழுத்து வைக்க மட்டும் விடாதீங்க

திருகோணமலை கோட்டடியில, அதாவது நீதிமன்றப் பக்கத்தில, இருக்கிற ஒரு டைப்பிங் கடையப் பத்தின ரிவியூ இது, கடை பேர் போடேல்ல, ஏனெண்டா நான் சொல்லப்போற குறை அந்த ஒரு கடைக்கு மட்டும் உரியதில்ல, இந்த நாட்டில எந்த கோட்டடிக்குப் போனாலும் இப்பிடி ஒண்டு ரெண்டு இருக்கும். அடிக்கடி கோட் பக்கம் போறவங்களுக்கு எந்தக் கடை எண்டு விளங்கும்.

நல்லத முதல்ல சொல்லிடுறன். டைப்பிங் எண்டா டைப்பிங் தான். இஞ்ச வடக்கு கிழக்கில கோட் மொழி தமிழ், அதால தமிழில பிழையில்லாம அடிக்கிற ஆள் கிடைக்கிறது பெரிய விசயம், எத்தனையோ கடையில "உறுதி"ய "உருதி" எண்டு அடிச்சுத் தந்துட்டு காசும் வாங்குவாங்க. இஞ்ச இருக்கிற தங்கச்சி அப்பிடி இல்ல, ஐடென்டிட்டி கார்டையும் பிறப்புச் சான்றிதழையும் பக்கத்தில வச்சு எழுத்து எழுத்தாப் பார்த்துத்தான் அடிப்பா. பேர் வித்தியாசத்துக்கு ஒரு சத்தியக் கடதாசி (அஃபிடவிட்) அடிக்கப் போனன், அவ கேட்ட முதல் கேள்வியே "அண்ணா நீங்க வேதமா சைவமா" எண்டு தான். வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், எண்டா சத்தியம் செய்யிறதா எழுதணும், சைவம், இஸ்லாம், பௌத்தம் எண்டா உறுதியுரை எண்டு வரணும், இது 1895ஆம் ஆண்டுச் சட்டத்தில இருந்து வாற முறை. இதுகூடத் தெரியாம எல்லாருக்கும் ஒரே ஃபோமப் பிரிண்ட் எடுத்துக் குடுக்கிற கடை எத்தனை. அதோட அடிச்சு முடிச்சதும் நான் பேனைய எடுக்க, "இஞ்ச வைக்காதீங்க, ஜேபிக்கு முன்னால தான் வைக்கணும்" எண்டு பேனையவே பறிச்சுப்போட்டா. ஜேபி எண்டுற சமாதான நீதவான் அல்லது சத்தியப்பிரமாண ஆணையாளருக்கு முன்னால வச்ச கையெழுத்துக்குத்தான் பெறுமதி, வீட்டிலயே வச்சிட்டுப் போனா அது வெறும் கடுதாசி.

போட்டோகொப்பி மற்ற இடத்த விட கொஞ்சம் விலை கூட. ஏசி இல்ல. வாசலில மான் வந்து நிண்டு காட்போட் பெட்டியத் திண்டுகொண்டிருக்கும், வெளியூர்காரர் அதப் போட்டோ எடுக்க நிண்டு கியூவ மறிச்சுக்கொண்டிருப்பாங்க, அது கடைக்காரர்ட பிழையில்ல.

இனிப் பிரச்சினைக்கு வாறன். கடை முதலாளி, வயசான ஐயா, முந்தி ஒரு புரொக்டரிட்ட (அந்தக் காலத்து லோயர்) கிளாக்கா வேலை செய்தவராம். ஆள் கெட்டிக்காரன், இல்லையெண்டு சொல்ல மாட்டன். மேசையில "சட்ட ஆவணத் தயாரிப்பாளர்" எண்டு ஒரு ரப்பர் சீல் வச்சிருக்கார், சத்தியக் கடதாசியில இருந்து வழக்குக் கடுதாசி வரைக்கும் எல்லாத்திலயும் கீழ அத அடிச்சு பக்கத்தில ஒரு நீட்டுக் கையெழுத்தும் போடுவார். பார்க்க லோயர் கையெழுத்து மாதிரியே இருக்கும். வாற சனம் அதப் பார்த்துத்தான் நம்புது.

என்ட மச்சான் ஒருத்தன் நிலாவெளியில மீன் யாவாரம், ஒரு ஹோட்டலுக்கு மீன் குடுத்த காசு வரேல்ல. இணக்க சபைக்கு (வழக்குக்கு முதல் சமரசம் பேசுற இடம்) போய் இணங்காம அந்தச் சான்றிதழயும் எடுத்துக்கொண்டு வழக்கு வைப்பம் எண்டு வந்தான். லோயர் பீஸ் கட்ட ஏலாது, ஐயா சொன்னாராம் "நான் எழுதித் தாறன் தம்பி, நீ கொண்டுபோய்க் குடு" எண்டு. பிளேண்ட், அதாவது வழக்குக் கடுதாசி, நல்லாத்தான் எழுதியிருந்தார், வழக்காளி ஆர், எதிராளி ஆர், கடன் எப்ப வந்தது, என்ன நிவாரணம் வேணும் எல்லாம் ஒழுங்கு. கடைசிப் பக்கத்தில மச்சான்ட கையெழுத்து இல்ல. "வழக்காளிக்காக" எண்டு போட்டு ஐயாவே வச்சிருக்கார், சீலும் குத்தியிருக்கார். ரெஜிஸ்ட்ரியில பார்த்த உடன "இது ஆர் வச்சது, இவர் சட்டத்தரணியா, பிரொக்சி (லோயருக்கு அதிகாரம் குடுக்கிற கடுதாசி) எங்க" எண்டு கேட்டு அப்பிடியே திருப்பிக் குடுத்துட்டாங்க.

அவங்க செய்தது சரி. குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை எண்டு 1889ஆம் ஆண்டில வந்தது இருக்கு, அதில 46ஆம் பிரிவு நேராச் சொல்லுது: லோயர் மூலம் வைக்கிற வழக்கெண்டா பிளேண்டில அந்தப் பதிவுபெற்ற சட்டத்தரணி கையெழுத்து வைக்கணும், இல்லையெண்டா வழக்காளி தானே வைக்கணும், அதையும் கோட் அதிகாரம் குடுத்த ஒரு அலுவலர் உறுதிப்படுத்திக் கையெழுத்து வைக்கணும். பொதுவா கோட்டுக்கு முன்னால வாறதும் கடுதாசி குடுக்கிறதும் ஆர் செய்யலாம் எண்டா கட்சிக்காரர் தானே, இல்ல அவர்ட சட்டத்தரணி, இல்லாட்டி சட்டம் ஏற்றுக்கொண்ட முகவர். கனடாவில இருக்கிற அண்ணன் அட்டோர்னி பத்திரம் எழுதிக் குடுத்து இஞ்ச தம்பி நடத்துறானே, அது அந்த மூண்டாவது வகை. டைப்பிங் கடை ஐயா இந்த மூண்டிலயும் இல்ல. அதுதான் கடுப்பு வாற இடம், ஏனெண்டா ஐயா அதே பேப்பர அப்பிடியே அடிச்சு மச்சானக் கோட் அலுவலருக்கு முன்னால கையெழுத்து வைக்கச் சொல்லியிருந்தா அது செல்லும். ஆர் டைப் பண்ணினது எண்டு ஒருத்தரும் கேட்கமாட்டாங்க. அவர்ட கையெழுத்தும் சீலும் தான் காரியத்தக் கெடுத்தது, அதுக்குத்தான் தனியாக் காசும் வாங்கினவர்!

தவணையும் இருக்கு, அத மறந்துடக் கூடாது. சாமான் வித்த காசுக்கு வழக்கு வைக்க 1871ஆம் ஆண்டுக் காலாவதிச் சட்டத்தில ஒரு வருசம் தான். எழுத்தில இல்லாத மற்ற ஒப்பந்தமெண்டா மூண்டு வருசம், எழுதிக் கையெழுத்து வச்சதெண்டா ஆறு. மச்சானுக்குக் கடைசி நேரம். சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு ஓடினான், 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால வந்தது அது, வருமானம் பார்த்துத்தான் உதவுவாங்க, அங்க இருந்த லோயர் அக்கா பிரொக்சியில கையெழுத்து வாங்கி தன்ட பேரில வழக்கத் தாக்கல் பண்ணித் தந்தா. அந்த ஒண்டாத்தான் தப்பினான்.

அந்த அக்காட்டக் கதைச்சதில தான் இன்னொண்டு தெரிய வந்தது, எனக்கு இதுதான் பெரிய ஆச்சரியம். லோயர் இல்லாட்டி நீங்களே கையெழுத்து வைக்கலாம், சரி. ஆனா லோயர் இருக்கேக்க நீங்க வைக்கக் கூடாது! பிரொக்சி ஃபைலில கிடக்கிற வரைக்கும் எல்லா அடியும் அந்த லோயர் மூலம் தான் எடுக்கணும். தம்பலகாமத்தில எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு மாமா, வயல் வழக்குத் தோத்துப்போச்சு, லோயர் போன் தூக்கிறேல்ல, அப்பீல் நோட்டீசுக்கு 14 நாள் தான், அதில ஞாயிறும் பொது விடுமுறையும் கழியும், மனுசன் பதறிப்போய் இதே கடைக்கு வந்து நோட்டீஸ் அடிச்சுத் தானே கையெழுத்து வச்சுக் குடுத்துட்டார். 755ஆம் பிரிவில மேன்முறையீட்டாளர் அல்லது அவர்ட சட்டத்தரணி கையெழுத்து வைக்கலாம் எண்டுதான் இருக்கு, ஐயாவும் அதத்தான் காட்டினாராம். ஆனா லோயர் ரெக்கோட்டில இருந்தா அவர்தான் வைக்கணும் எண்டு சீலவதி எதிர் ஜயசிங்க வழக்கில 1985லயே தீர்ந்துபோன விசயம். எதிர்ப்பக்கம் அதத் தூக்கிப் பிடிச்சாங்க, அப்பீல் போச்சு. முதல்ல கோட் அனுமதியோட பிரொக்சிய ரத்துப் பண்ணியிருக்கணும். சொந்த வயல், சொந்த வழக்கு, சொந்தக் கையெழுத்து, செல்லாது. மாமா இப்பவும் அத நம்பிறேல்ல, கோட்ட ஏசிக்கொண்டு திரியிறார்.

இதுக்கு மற்றப் பக்கமும் இருக்கு. உண்மையான லோயர், கட்சிக்காரர் சொல்லித்தான் வேலை செய்தவர், ஆனா பிரொக்சியில கையெழுத்து வாங்க மறந்துட்டார் எண்டா அத பிறகு வாங்கிச் சரிப்படுத்தலாம், 1908இல திலகரத்ன எதிர் விஜேசிங்க எண்டு அதுக்கும் தீர்ப்பு இருக்கு. லோயரே அல்லாத ஆள் வச்ச கையெழுத்தில சரிப்படுத்த என்ன கிடக்கு?

காணி உறுதி விசயத்தில ஐயா நல்ல பிள்ளை, அத எழுதவே மாட்டன் எண்டுவார், நொத்தாரிசிட்ட அனுப்பிடுவார். 1840ஆம் ஆண்டுச் சட்டப்படி நொத்தாரிசும் ரெண்டு சாட்சியும் முன்னால இல்லாம காணி கைமாறாது எண்டு அவருக்கு நல்லாத் தெரியும். அப்ப பிளேண்டுக்கு மட்டும் ஏன் கை நீளுது எண்டு தான் எனக்கு விளங்கேல்ல.

ஆனா எல்லாத்துக்கும் லோயர் வேணும் எண்டு நான் சொல்லவரேல்ல, அப்பிடி நினைச்சு சும்மா காசக் கொட்டுற சனமும் இருக்கு. காசு கேட்டு அனுப்பிற லெட்டர் ஒப் டிமாண்ட் நீங்களே எழுதி நீங்களே கையெழுத்து வச்சுப் பதிவுத் தபாலில போடலாம், இந்தக் கடையில அது சூப்பரா அடிப்பாங்க. இணக்க சபையில லோயர் வந்து கதைக்கவே ஏலாது. கிண்ணியா, மூதூர் பக்கச் சனத்துக்குத் தெரியும், காதி நீதிமன்றத்திலயும் லோயர் நிக்க ஏலாது, 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தில அப்பிடித்தான் இருக்கு. அடிப்படை உரிமை மீறல் மனுவக்கூட, உயர் நீதிமன்றத்துக்கு, ஒரு மாசத்துக்குள்ள, நீங்களே அல்லது லோயர் மூலம் குடுக்கலாம் எண்டு அரசியலமைப்பு 126இல இருக்கு. எல்லா இடத்திலயும் "நீங்களே" தான், பக்கத்துக் கடைக்காரர் இல்ல.

மச்சான்ட கதைக்குப் பிறகு நான் போய் ஐயாட்ட நேரயே கேட்டன், சண்டைக்கில்ல. "ஐயா இந்தச் சீல் என்னத்துக்கு, கோட்டில இத ஒருத்தரும் எடுக்கிறாங்க இல்லையே" எண்டு. அவர் சிரிச்சுக்கொண்டு "அது சனத்துக்கு ஒரு நம்பிக்கை தம்பி" எண்டார். நம்பிக்கை குடுத்தா போதுமா, திருப்பி அனுப்பினா காசு திருப்பிக் குடுப்பீங்களா எண்டு கேட்க பேச்சு மாறிட்டு. தங்கச்சி மட்டும் கம்ப்யூட்டர்ல இருந்து திரும்பி என்னப் பார்த்து தலைய ஆட்டினா.

ஆரும் லோயர் எண்டு சொல்லிக்கொண்டு கோட்டடியில உங்களப் பிடிச்சா சட்டத்தரணிகள் சங்க அடையாள அட்டையக் கேளுங்க, கேட்கிறதில வெட்கமில்ல, உயர் நீதிமன்றத்தில பேர் பதிஞ்ச ஆள் எண்டா கோவிக்க மாட்டார்.

டைப்பிங்குக்கும் சத்தியக் கடதாசிக்கும் அஞ்சுக்கு அஞ்சு, போட்டோகொப்பிக்கு மூண்டு, வழக்கு எழுதுறதுக்கு ஒண்டும் போடமாட்டன். வழக்கு நாளில போறதெண்டா கோட் தொடங்க முதல் போங்க, பிறகு நிக்க இடமிருக்காது. காட் எடுக்க மாட்டாங்க, காசு மட்டும் தான். அடிச்சத வட்ஸ்அப்பில கேட்டா பிடிஎஃப் ஆ அனுப்புவாங்க, அதுக்குக் காசில்ல.